நெருப்புக்கும் நேரம் உண்டு: போட் எஞ்சின் டைமிங்

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் படகுகள்தான் போயின. வெள்ளத் தொண்டில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு சின்ன போட்டும் அவுட்போர்ட் மோட்டாரும் பெரிய பலம். ஆனா அந்த மோட்டார் வருஷத்தில் பாதி நாள் ஸ்டோரில் சும்மா கிடக்கும். தேவைப்படும் அன்றைக்கு, ஆள் ஏற்றிய பிறகு நடுத்தண்ணீரில் அது நின்னுடக் கூடாது. அதனால் இந்த மாதப் பாடம்: டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரின் இக்னிஷன் டைமிங்.

டைமிங் என்றால் என்ன?

பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே ஸ்பார்க் வரணும். ஏன் முன்பே? பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு பலம் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 12 மில்லி வினாடி. ஸ்பார்க் 25 டிகிரி முன்னால் வந்தால், தீ பரவக் கிடைக்கும் நேரம் சுமார் 0.83 மில்லி வினாடிதான். அதே 25 டிகிரி, 1000 சுற்றில் 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகிவிடும். அது ரொம்ப சீக்கிரம். அதனால்தான் திராட்டிலைத் திறக்கத் திறக்க டைமிங்கும் முன்னால் நகர்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். பல மோட்டார்களில் இந்த வேலையை ஒரு சின்ன கம்பி இணைப்புதான் செய்கிறது.

ஸ்பார்க் அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். பிந்தினால் பலம் குறையும், சூடு ஏறும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது

ஸ்டார்ட் ஆகலேன்னா உடனே டைமிங் ஸ்க்ரூவைத் திருகாதீங்க. பழைய பெட்ரோல், அழுக்கு பிளக், அடைத்த கார்பரேட்டர், இவற்றை முதலில் பாருங்க. பாயிண்ட் வைத்த பழைய மோட்டாரில் பாயிண்ட் தேய்ந்து டைமிங் மாறும். சி.டி.ஐ. மோட்டாரில் தேய அப்படி ஒன்றும் இல்லை. அதில் டைமிங் மாறியிருந்தால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கு என்று அர்த்தம். அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பார்க்கும் முறை

1. நியூட்ரலில் வைத்து, கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிடுங்க. பிளக்குகளைக் கழற்றி, வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் பண்ணுங்க.

2. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் டயல் கேஜ் பொருத்தி, ஃபிளைவீலை அது ஓடும் திசையில் கையால் சுற்றுங்க. உச்சியில் பிஸ்டன் நகர்வதே தெரியாது. அதனால் உச்சிக்கு முன்னும் பின்னும் கேஜ் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுப்புள்ளியை எடுங்க. அதுதான் உண்மையான உச்சி.

3. அங்கே ஃபிளைவீலின் பூஜ்ஜியக் கோடு, முள்ளுக்கு நேராக இருக்கா? இல்லையென்றால் முள்ளை நகர்த்தும் முன் ஃபிளைவீலைப் புல்லர் போட்டுக் கழற்றி, அடியில் இருக்கும் சாவியைப் பாருங்க. அந்தச் சின்ன இரும்புத் துண்டு பாதி வெட்டுப்பட்டாலே டைமிங் தவறிவிடும்.

4. பிளக்குகளையும் கிளிப்பையும் திரும்ப மாட்டி, மோட்டாரைத் தண்ணீரில் வைத்து ஓட்டுங்க. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்ப் இம்பெல்லர் கருகிவிடும். முதல் சிலிண்டர் வயரில் டைமிங் லைட்டை மாட்டி, ஐடிலில் கோட்டைப் பாருங்க. சில மாடல்களில் ஐடில் ஸ்பார்க் உச்சிக்குப் பிறகுதான் வரும், பயப்பட வேண்டாம். முழு வேக அளவை, டெஸ்ட் டேங்கில் லோடு கொடுத்து மட்டும் பாருங்க. வெறும் ஹோஸ் தண்ணீரில் முழு திராட்டில் கொடுத்தால் எஞ்சின் எல்லை மீறி ஓடும்.

5. அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒத்துவரலேன்னா, எஞ்சினை நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்டாப் ஸ்க்ரூவையோ இணைப்புக் கம்பியையோ கொஞ்சமாகத் திருப்புங்க. நட்டை இறுக்கி மறுபடி பாருங்க. திராட்டில் திறக்கும் இடமும் மேனுவல் சொல்கிறபடி இருக்கணும். கம்ப்யூட்டரே டைமிங்கைக் கட்டுப்படுத்தும் புது மோட்டாரில் பார்க்கத்தான் முடியும், திருக முடியாது.

இதைத் தனியாகச் செய்யாதீங்க. திறந்த ஃபிளைவீல் பக்கம் தொங்கும் சட்டை, முடி, கழுத்துச் சங்கிலி கூடாது. மூடிய ஸ்டோருக்குள் ஓட்டவும் கூடாது, புகையில் விஷவாயு உண்டு.

திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கு. ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். அந்த வாரமே இந்தச் சோதனையையும் செய்துவிட்டால், டிசம்பர் மழைக்கு முன் மோட்டார் தயாராக இருக்கும்.

கலந்துரையாட:

• 3000 சுற்றில் 20 டிகிரிக்கு எத்தனை மில்லி வினாடி?

• சாவி வெட்டுப்பட்டது தெரியாமல் ஸ்க்ரூவை மட்டும் திருகினால் என்ன ஆகும்?

• உங்கள் பகுதியில் வெள்ளம் வந்தால் யாரிடம் படகு இருக்கு? கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்?