வாறுகாலுக்குப் பணம் எந்தக் கணக்கில்?

கேள்வி: சீவலப்பேரியில் எங்கள் தெரு வாறுகால் இடிந்து, கழிவுநீர் ரோட்டில் ஓடுகிறது. ஊராட்சியில் கேட்டால், “பணம் இருக்கு, ஆனா இதுக்கு எடுக்க முடியாது” என்கிறார்கள். இது சாக்குப்போக்குதானே?

பதில்: பாதிதான் சாக்குப்போக்கு. ஊராட்சிக்கு வரும் பணமெல்லாம் ஒரே உண்டியலில் விழுவதில்லை. வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் சொந்த வருமானம். அதில்தான் கை கொஞ்சம் தாராளம். மாநில நிதிக்குழு மானியத்தில் கரண்டு பில்லும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்சம் மத்திய நிதிக்குழு மானியம். உங்களுக்கு வழி அங்கேதான்.

15ஆவது நிதிக்குழு 2021-26க்கு வகுத்த விதி இது: மானியத்தில் 60 சதவீதம் ‘டைடு’, 40 சதவீதம் ‘அன்டைடு’. டைடில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி சுகாதாரத்துக்கு. அன்டைடில் ரோடு, தெருவிளக்கு என்று ஊர்த் தேவை எதையும் செய்யலாம். சம்பளமும் அலுவலகச் செலவும் கூடாது. ஆகவே எல்லாரும் மொய்ப்பது அந்த 40இல்தான்.

நம்மவர்கள் எழுதும் மனுவைப் பாருங்கள்: “ரோடு போட்டு வாறுகால் கட்டித் தரவும்.” ரோடு என்ற சொல் வந்ததுமே மனு அன்டைடு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பிரித்து எழுதுங்கள். வாறுகால் வேலை டைடின் சுகாதாரப் பாதியில் சேரும்படி “வீட்டுக் கழிவுநீர் மேலாண்மை” என்று தலைப்பிட்டு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று குறியுங்கள். கடைசியில் உறிஞ்சுகுழியும் கேளுங்கள். வாறுகாலை ஆற்றில் கொண்டுபோய் விடும் யோசனை வேண்டவே வேண்டாம். சிற்றாறு தாமிரபரணியில் சேரும் ஊர் உங்களுடையது, அங்கிருந்து எடுக்கும் தண்ணீரைக் கோவில்பட்டி குடிக்கிறது.

பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. குடிநீர்த் தேவை முழுதும் நிறைவேறிவிட்டது என்று கிராம சபை முடிவுசெய்து மேலிடமும் உறுதிசெய்தால், அந்தப் பங்கைச் சுகாதாரத்துக்குத் திருப்பலாம். கோடையில் குழாயடியில் குடம் வரிசை நிற்கும் ஊரில் இதைக் கேட்காதீர்கள்.

மனுவை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் ஒன்றில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அக்டோபர் 2 நல்ல நாள்; அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் தயாராகும் நேரம். திட்டத்தில் ஏறாத வேலைக்கு மானியத்தில் பில் போட முடியாது. ஏறியதா என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

சின்னத் தொகைக்குச் சின்ன விதி போதும். இடிந்த வாறுகாலுக்கு டைடா அன்டைடா என்று பார்க்காமல் செலவழிக்க ஊராட்சிக்கு ஒரு சிறு பங்கை விடலாம்.

தீர்மானம் ஏறியும் வேலை நடக்காவிட்டால், அதன் நகலோடு திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாளுக்குப் போங்கள். வெறும் புகாரோடு போனால் மனு திரும்ப ஊராட்சிக்கே வந்துசேரும்.