வளையமா, கத்தியா?

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு வருடமாகச் சர்க்கரை. சில மாதங்களாக ஆணுறுப்பின் முன்தோல் இறுகிப்போய்ப் பின்னால் தள்ளவே முடியவில்லை. ஓரத்தில் வெடித்து வெடித்து எரிகிறது. முன்தோலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார் எங்கள் டாக்டர். 'கத்தி இல்லை, தையல் இல்லை, வளையம் மாட்டி அன்றே அனுப்பிவிடுவோம்' என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. ஸ்டேப்ளர் என்றும் ஒன்று சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு இந்தக் கருவிகள் பாதுகாப்பானவையா? விசைத்தறிப் பட்டறையில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பெரியவர்களுக்கான முன்தோல் கருவிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. முன்தோல் நீக்கிய ஆணுக்குப் பெண்ணிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்று தென் ஆப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று ஆய்வுகள் காட்டின. 2007-ல் உலகச் சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. தடுப்புக்கு முன்தோல் நீக்கத்தைப் பரிந்துரையாகவே வெளியிட்டது. லட்சக்கணக்கான ஆண்களுக்குச் செய்தாக வேண்டும், அத்தனை அறுவை மருத்துவர்கள் அங்கே இல்லை. செவிலியரே மாட்டிவிடக்கூடிய கருவியைத் தேடியது அதனால்தான்.

தேடலில் இரண்டு கருவிகள் தேறின. 2013-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி (தரம் பார்த்துத் தரும் ஒப்புதல்) பெற்றது இஸ்ரேலில் உருவான பிரீபெக்ஸ். 2015-ல் சீனாவின் ஷாங்ரிங். பார்வைக்கு இரண்டும் வளையம்தான், வேலை செய்யும் விதம் வேறு. ஷாங்ரிங்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு பிளாஸ்டிக் வளையங்களுக்கு நடுவே தோலை இறுக்கி, மிச்சத்தை அப்போதே வெட்டிவிடுவார்கள். பிரீபெக்ஸில் ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. களிம்பு தடவி, உள்ளே ஒரு வளையத்தை வைத்து, வெளியே ரப்பர் வளையத்தை ஏற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். முன்தோல் மெல்லக் கறுத்து, காய்ந்து, செத்துப்போகும். ஏழாவது நாள் அதை வெட்டியெடுத்து வளையத்தைக் கழற்றுவார்கள்.

அந்த ஏழு நாளில்தான் சிக்கல். செத்த சதை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்றம் வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியுமளவுக்குக்கூட வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ரண ஜன்னி. அந்தக் கிருமி காற்றுப் புகாத, ரத்த ஓட்டமற்ற சதையில்தான் செழிக்கும். முன்தோல் நீக்கிக்கொண்டவர்களில் உகாண்டா உட்படச் சில நாடுகளில் சிலருக்கு ஜன்னி கண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. கத்தியால் செய்துகொண்டவர்களிலும் ஒரு சிலருக்கு வந்தது உண்மை. ஆனால் செய்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ரப்பர் வளையக்காரர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்று தெரிந்தது. அங்கே கர்ப்பிணிகளுக்குத்தான் தேடித்தேடி ஜன்னி ஊசி போடுவார்கள். வளர்ந்த ஆண்களை யாரும் கூப்பிட்டுப் போடுவதில்லை. (நம் ஊரிலும் ஆணி குத்தினால்தானே போட்டுக்கொள்கிறோம்?) முடிவில் உலகச் சுகாதார நிறுவனம் விதியை இறுக்கியது: ஊசிப் பாதுகாப்பு இல்லாதவருக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டு, இரண்டாவது ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் கழிந்தபின்தான் அந்த வளையத்தை மாட்டலாம். அன்றே மாட்டி அன்றே அனுப்பும் கதை அதோடு போயிற்று.

இன்னொரு கருவி, மலேசியாவின் தாரா கிளாம்ப். தென் ஆப்பிரிக்காவில் ஆரஞ்சு ஃபார்ம் என்ற இடத்தில் அதைக் கத்தி முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான். கத்தியில் சிக்கல் 3 சதவீதம், கிளாம்ப்பில் 37 சதவீதம். அதற்குப் பிறகும் அந்நாட்டின் குவாசுலு-நட்டால் மாகாண அரசு அதைப் பயன்படுத்தியது, பெரிய சர்ச்சையானது. 'கத்தி இல்லை' என்ற சொல்லுக்கு அரசாங்கமே மயங்கும்போது உங்களைக் குறை சொல்ல நான் யார்?

இப்போது உங்கள் விஷயம். பிரீபெக்ஸ் மாதிரிக் கருவிக்கு உள்வளையம் முன்தோலுக்குள் போயாக வேண்டும். உங்களுக்குத் தோல் திறக்கவே இல்லை, ஆகவே அது ஆகாது. மற்ற வளையங்களுக்கும் முதலில் மேல்பக்கம் தோலைக் கீறித் திறக்க வேண்டியிருக்கும். கத்தியைத் தொட்டாயிற்று, பிறகு வளையம் எதற்கு? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆப்பிரிக்க ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நோயில்லாத இளைஞர்கள். அவர்களுக்குத் தேறிய கருவி, வெடித்துத் தழும்பேறிய சர்க்கரைக்காரரின் தோலுக்கும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விளம்பரம் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதில் புதிதாக இறுகிய தோலைப் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. வெண்தழும்பு நோய், அபூர்வமாகப் புற்றுநோய்கூட அதனடியில் ஒளிந்திருக்கலாம். வெட்டியெடுத்த புதுத் தோல் இருந்தால் பரிசோதிக்கலாம். ரப்பர் வளையத்தில் ஒரு வாரம் அழுகிக் காய்ந்த துண்டை வைத்துக்கொண்டு நோயியல் மருத்துவர் என்ன செய்வார்?

ஸ்டேப்ளர் வேறு வகை. ஒரே அழுத்தத்தில் தோலை அறுத்துச் சுற்றிலும் குட்டி ஊக்குகளைப் பதிக்கும். நேரம் மிச்சம், பழகிய கையில் நன்றாகவே அமைகிறது. ஆனால் ரத்தம் உள்ளே கட்டுவதும், ஊக்குகள் விழாமல் சதைக்குள் தங்கி அப்புறம் பிடுங்க வேண்டிவருவதும் உண்டு. நான் மேலே சொன்ன முன்தகுதிப் பட்டியலில் அது இல்லை. உங்களுக்கு என் வாக்கு, மரத்துப்போகும் ஊசியும் கரையும் தையலுமாகச் செய்யும் பழைய முறைக்கே.

தேதி குறிப்பதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை இருக்கிறதா? அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். முன்தோலுக்குள் பூஞ்சை பிடிக்க அது போதும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஜன்னிக்கான டி.டி. ஊசி கடைசியாக எப்போது என்று நினைவில்லையா, இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

செய்துகொண்ட பின் கட்டு நனைய நனைய ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மொட்டு கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாய் திறக்கத் தாடை இறுகினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. காயத்தில் மஞ்சள், விபூதி, பச்சிலை எதுவும் வேண்டாம். பட்டறைக்கு ஒரு வாரம் லீவு சொல்லுங்கள், பஞ்சுத் தூசியில் புதுக் காயத்தோடு நிற்காதீர்கள். தாம்பத்தியம் ஆறு வாரம் கழித்து. உங்கள் சர்க்கரைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடலாம், அதை டாக்டர் காயத்தைப் பார்த்துச் சொல்வார்.