இரவல் சித்திரமும் இரவல் இசையும்

கேள்வி: தனியொருவனாகக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். படங்களும் இசையும் இலவசமாக எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கே கிடைக்கும் என்பதைவிட, எந்த நிபந்தனையின்பேரில் கிடைக்கின்றன என்பதே தாங்கள் முதலில் கவனிக்க வேண்டிய விஷயம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் ஸ்தாபனம் 2002 முதல் வெளியிட்டுவரும் உரிமங்களில், ‘சிசி ஜீரோ’ என்பது படைத்தவர் தம் உரிமை யாவற்றையும் துறந்து பொதுஜனங்களுக்கு அளித்துவிட்ட தானம்; ‘பிஒய்’ என்றிருந்தால் அவர் பெயரை விளையாட்டிலே குறிப்பிட்டாக வேண்டும்; ‘எஸ்ஏ’ என்றிருந்தால் தாங்கள் திருத்தியமைத்த சித்திரத்தையும் அதே நிபந்தனையோடு பிறருக்கு வழங்க வேண்டும்; ‘என்சி’ என்றிருப்பதை, விற்பனை செய்யும் உத்தேசமிருந்தால், தொடவே வேண்டாம்.

சித்திரங்களுக்கு நெதர்லாந்தின் கென்னி தளமே என் முதல் சிபாரிசு. அனைத்தும் சிசி ஜீரோ என்பதோடு, ஒரே கைவண்ணமாக அமைந்திருப்பதால், பல இடங்களில் பொறுக்கிச் சேர்த்த படங்களுக்கு வாராத ஐக்கியம் அவற்றுக்கு உண்டு. ஓப்பன் கேம் ஆர்ட் என்னும் தளத்திலும் படங்கள் உண்டு; ஆனால் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறுபடும். ஒலிகளுக்கு, பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா சர்வகலாசாலை 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளம். இசைக்கு, இசையமைப்பாளர் கெவின் மக்லவுடின் இன்காம்பிடெக் தளம்.

பழைய இசையென்றாலும் எச்சரிக்கை வேண்டும்: 1827இலேயே காலமான பீத்தோவனின் சங்கீதம் எல்லோருக்கும் பொதுவே என்றாலும், அதை இன்று வாசித்துப் பதிவு செய்த குழுவினருக்கு அப்பதிவில் உரிமை உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: எதைப் பதிவிறக்கினாலும், படைத்தவர் பெயரையும் உரிமத்தையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.