புல்வெளியில் ஒரு ஒற்றையடிப் பாதை



போன டிசம்பர் மாதம் நம்ம சுற்றுச்சூழல் மன்றத்திலிருந்து நீலகிரிக்குப் போய் வந்தோம். "போயிட்டு வந்தவங்க ஆளுக்கொரு கட்டுரை எழுதணும்"னு சார் சொல்லியிருந்தார். நான் எழுதுவது பயணக் கதை இல்லை. அங்கே நான் செய்த ஒரு தப்பும், அதிலிருந்து படித்த பாடமும்தான்.

எங்கே போனோம்?

ஊட்டியிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கிறது அவலாஞ்சி. 1823ஆம் ஆண்டில் அங்கே பெரிய நிலச்சரிவு ஏற்பட்டதால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. அங்கிருந்து கோலாரிபெட்டா என்ற மலைக்கு ஒரு நடைபாதை போகிறது. 'பெட்டா' என்றால் மலை. 2,600 மீட்டருக்கு மேல் உயரம். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ள 40 பாதைகளில் இதுவும் ஒன்று. முன்கூட்டியே பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணன் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

முதலில் ஒரு சோலைக்குள் நுழைந்தோம். நம்ம ஊரில் சோலை என்றால் தோப்பு. அங்கே சோலை என்பது மலை மடிப்புகளில் மட்டும் வளரும் குட்டையான அடர்ந்த காடு. மரமெல்லாம் பாசி மூடியிருக்கும். பகல் பத்து மணிக்கே உள்ளே இருட்டு. ஓடைச் சத்தம் கேட்கிறது, ஆனால் ஓடை கண்ணுக்குத் தெரியாது. சோலையை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. மரமே இல்லை.

"என்னங்கண்ணா, இங்கெல்லாம் மரத்தை வெட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். "இல்ல தம்பி. இது எப்பவும் இப்படித்தான்."

புல்வெளி வெறும் பொட்டல் அல்ல

சார் விளக்கினார். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழும். திறந்த சரிவில் முளைக்கும் மரக்கன்று அந்தப் பனியில் கருகிவிடும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. உறைபனியைத் தாங்கி நிற்கும் மரம் சிவப்புப் பூ பூக்கும் காட்டுப்பூவரசு போல ஒன்றிரண்டுதான். நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி அடுக்கடுக்காக ஆராய்ந்த விஞ்ஞானிகள், இந்தப் புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இது தெரியாமல், "சும்மா கிடக்கிற இடம்தானே" என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சீகை, யூக்கலிப்டஸ் மரங்களை நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட உதவும், யூக்கலிப்டஸ் கூழுக்கு உதவும் என்பதற்காக. சீகை இப்போது யாரும் நடாமலே பரவுகிறது. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் எந்த இடத்தில் எந்த மரம் என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

உங்களுக்குத் தெரியுமா?

★ நம் மாநில விலங்கான வரையாடு இந்த மாதிரிப் புல்வெளிகளில்தான் வாழ்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,031.

★ 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும்.

★ 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நம்ம ஈரோடு மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 70 செ.மீ. தான்!

நான் செய்த தப்பு

திரும்பி இறங்கும்போது பாதை வளைந்து வளைந்து போனது. கீழே அடுத்த வளைவு கண் எதிரே தெரிகிறது. நேரே இறங்கினால் முப்பது அடிதான். எனக்கு அவசரம். "வாடா, இப்படியே போயிரலாம்" என்று நண்பனைக் கூப்பிட்டுவிட்டு, சரிவில் குதித்து இறங்கினேன். பாதி தூரத்தில் கால் வழுக்கியது. ஷூ பட்ட இடத்தில் புல் கட்டியாகப் பெயர்ந்து வந்து கருப்பு மண் தெரிந்தது. நான் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து சேர்ந்தேன்.

அதற்குள் பஞ்சு மாதிரி மூடுபனி வந்து மூடிக்கொண்டது. பின்னால் வந்த நண்பனைக் காணோம். கூப்பிட்டால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அண்ணன் விசிலை ஊதிக்கொண்டே தேடினார். கால் மணி நேரம் கழித்து ஒரு பாறை ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். பயந்து எங்கும் ஓடாமல் அங்கேயே இருந்ததால் தப்பித்தான். ஓடியிருந்தால்? பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளம். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. மேலே போய், பெயர்ந்த புல் கட்டியை எடுத்து அதே குழியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். "நீ போன வழியில நாளைக்கு நாலு பேர் போவாங்க தம்பி. அப்புறம் மழைத் தண்ணியும் அதே வழியில போகும். ஒரு வருஷத்துல ஓடையா அறுத்துரும்" என்றார். பாதை ஏன் வளைந்து போகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. நேராகப் போட்டால் மழைத் தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அரித்துவிடும். வளைத்துப் போட்டால் வேகம் குறையும்.

அந்தப் புல்லும் நம்ம வாய்க்காலும்

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் நெல்லுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார். "அந்த மலைத் தண்ணிதான்டா இது" என்றார். வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், உண்மைதான்!

அவலாஞ்சி ஓடைகள் → குந்தா ஆறு → பவானி ஆறு → பில்லூர் அணை → மேட்டுப்பாளையம் → பவானிசாகர் அணை → கொடிவேரி → தடப்பள்ளி வாய்க்கால் → எங்கள் வயல்.

முக்குருத்தி மலைப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆறும் மாயாறாகி பவானிசாகரில்தான் வந்து சேருகிறது. 1955இல் கட்டி முடித்த அந்த அணையை நம்பி கீழ்பவானியில் மட்டும் 2,07,000 ஏக்கர் இருக்கிறது.

மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் எப்படி வருகிறது? புல்லின் வேர்களும், அதன் கீழே உள்ள கருப்பு மண்ணும், பள்ளத்துச் சதுப்பும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன.

செய்து பாருங்கள்

இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை நீளவாக்கில் வெட்டி, ஒன்றில் வெறும் மண், மற்றதில் அருகம்புல்லோடு பெயர்த்த மண் வையுங்கள. வாய்ப் பக்கம் சற்றுச் சாய்த்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். நான் செய்தபோது வெறும் மண்ணிலிருந்து காபி நிறத்தில் உடனே கொட்டியது. புல்லிலிருந்து தெளிவாக, சொட்டுச் சொட்டாக, ரொம்ப நேரம் வந்தது.

காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு

1. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில், மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி ஆளை விட வேகமாக ஏறும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

2. வரிசையாகப் போங்கள். பாதையில் சேறு இருந்தாலும் ஓரத்துப் புல்லை மிதிக்காமல் சேற்றிலேயே நடங்கள். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

3. ஓடையில் சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது. கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள்.

4. காட்டெருமையைக் கண்டால் கத்தாமல், கல்லெறியாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

5. வழி தவறினால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே இருந்து விசில் ஊதுங்கள்.

6. குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். இது என் அனுபவம்!

நான் பெயர்த்த அந்தப் புல் கட்டி மறுபடி வேர் பிடித்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை போனால் முதலில் அந்த வளைவில் நின்று பார்க்க வேண்டும், பாதையில் நின்றபடியே.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்