கலைத் திருவிழாவுக்குப் பிறகு என்ன? கவின்கலைப் பட்டப்படிப்புக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டல்

2022ஆம் ஆண்டு முதல் நம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. ஓவியம், களிமண் சிற்பம், கிராமிய நடனம், இசைக்கருவி, நாடகம் எனப் பல பிரிவுகளில் பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை வரும் மாணவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருதுகள் கிடைக்கின்றன. அந்தச் சான்றிதழ்களைத் தலைமையாசிரியர் அறையில் வைத்து ஒளிப்படம் எடுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அதே மாணவர்களில் பலர், பக்கத்து ஊரில் எந்தப் பாடத்தில் இடம் கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன். ஓவியத்திலும் இசையிலும் ஆர்வம் உள்ள மாணவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா டீச்சர்?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு செலவாகும்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்வியில்தான் பாதி இருக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரை.

செலவுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது

பொறியியல் முடித்த ஒருவருக்கு வேலை கிடைத்தால் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் வரும். ஓவியம், சிற்பம், இசை, நடனம் படித்தவர்களின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படி இருப்பதில்லை. ஒரு மாதம் புத்தக அட்டைக்கு ஓவியம், அடுத்த மாதம் கோயில் திருப்பணியில் வேலை, அதற்கடுத்த மாதம் ஒன்றும் இல்லை என்றுதான் போகும். மாலையில் நாலு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து அந்த இடைவெளியைச் சமாளிப்பார்கள். இது இந்தத் துறையின் இயல்பு. கொஞ்சம் பெயர் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பெரிய கல்விக்கடனோடு வெளியே வருபவரால் அப்படிப் பொறுத்திருக்க முடியாது. வங்கித் தவணை மாதந்தோறும் வந்து நிற்கும். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கிடைத்த வேலைக்குப் போவார். எனவே கலைப் படிப்பில் குறைந்த செலவு என்பது வெறும் சிக்கனம் அல்ல. படித்த கலையில் அந்தப் பிள்ளை நீடித்து நிற்பதற்கான அடிப்படை.

"கலைக் கல்லூரி" என்ற சொல்லில் உள்ள குழப்பம்

நம் மாணவர்களை முதலில் தடுக்கி விழவைப்பது ஒரு சொல். "அரசு கலைக் கல்லூரி" என்றால் அங்கே ஓவியமும் பாட்டும் சொல்லித் தருவார்கள் என்று எண்ணும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே உள்ள "கலை" தமிழ், வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களைக் குறிக்கும். ஓவியமும் சிற்பமும் கற்பிப்பவை கவின்கலைக் கல்லூரிகள். இசைக்கும் நடனத்துக்கும் தனியே இசைக் கல்லூரிகள் உண்டு.

தமிழ்நாட்டில் அரசின் கவின்கலை, சிற்பக்கலை, இசைக் கல்லூரிகள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. ஆகவே அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்காக மாணவர்கள் நிரப்பும் பொது இணைய விண்ணப்பத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. இவற்றுக்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம், பெரும்பாலும் தனித் திறன் தேர்வும் இருக்கும். இந்த ஒரு செய்தியைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஜனவரியிலேயே சொல்லிவிட்டால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும்.

நம் மாநிலத்தில் உள்ள வாய்ப்புகள்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதன் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். கோட்டோவியங்களுக்குப் பெயர்பெற்ற ஆதிமூலம் இங்கே படித்தவர். வண்ணக்கலை, சிற்பம், சுடுமண், துகில் வடிவமைப்பு, பதிப்போவியம், காட்சிவழித் தொடர்பு வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் பி.எஃப்.ஏ. எனப்படும் நான்கு ஆண்டுப் பட்டம் இங்கே உண்டு. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. காவிரிப் படுகை மாவட்டப் பிள்ளைகளுக்கு அது அருகில்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மரபுக் கலைகளுக்கு உரியது. கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் சிற்பம் செய்யவும், மரபு ஓவியமும், மரபுக் கட்டடக்கலையும் கற்பிக்கிறார்கள். கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி இக்கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இதன் மரபுக் கட்டடக்கலைப் படிப்பு பி.டெக். பட்டம் என்பதை நம் கணிதப் பிரிவு மாணவர்களிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

இசைக்கு சென்னை, திருவையாறு, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் போன்றவற்றை இவற்றில் கற்கலாம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு முன்படியாக மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கட்டணம் மிகக் குறைவு. பன்னிரண்டு வயதிலேயே சேரலாம். எனவே இது நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

திரைப்படத் துறையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் உள்ளது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலியவற்றில் நான்கு ஆண்டுப் பட்டம் அங்கே கிடைக்கிறது. இந்தக் கலைகளுக்கென்றே 2013இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மத்திய அரசு நிறுவனம் என்றாலே கட்டணம் குறைவு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் நிறுவனத்தில் ஒரு பருவக் கட்டணமே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். நல்ல நிறுவனம்தான்; ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

நான்கு ஆண்டுக் கணக்கு: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் செய்யத்தக்க செயல்பாடு இது. கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உண்மைத் தொகைகளை மாணவர்களே கல்லூரியில் விசாரித்து நிரப்ப வேண்டும்.

முதல் நிலை: வெளியூர் அரசுக் கல்லூரி, அரசு நல விடுதியில் இடம் கிடைக்கிறது. ஆண்டுக்குக் கட்டணம் 5,000, வண்ணம், தாள், கருவிகளுக்கு 15,000, கைச்செலவு 12,000, ஊருக்குப் போய்வர 6,000. மொத்தம் 38,000. நான்கு ஆண்டுகளுக்கு 1,52,000 ரூபாய்.

இரண்டாம் நிலை: அதே கல்லூரி, விடுதி கிடைக்கவில்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 6,000 வீதம் பத்து மாதத்துக்கு 60,000 கூடுகிறது. ஆண்டுக்கு 98,000. நான்கு ஆண்டுகளுக்கு 3,92,000 ரூபாய்.

மூன்றாம் நிலை: வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தனியார் கல்லூரி. கட்டணம் 80,000, பொருள்கள் 15,000, பேருந்துக்கு 9,000. ஆண்டுக்கு 1,04,000. நான்கு ஆண்டுகளுக்கு 4,16,000 ரூபாய்.

கட்டணத்தில் மட்டும் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் ஆண்டுக்கு 75,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் விடுதி கிடைக்காவிட்டால் நான்கு ஆண்டு மொத்தத்தில் வித்தியாசம் 24,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "கட்டணம் எவ்வளவு?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "விடுதி உண்டா? எந்தத் துறை விடுதி? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?" என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரியில் சேர்ந்த கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும்.

அடுத்து வரவுப் பக்கம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். மேலே உள்ள கணக்கில் ஆண்டுக் கைச்செலவு 12,000 அப்படியே ஈடாகிவிடுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதி, வருமானச் சான்றுகளும் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தயாராக இருக்க வேண்டும்.

கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை

முடிந்தால் பெற்றோரும் மாணவரும் ஒருமுறை நேரில் போய்வர வேண்டும். நான் எழுதிக்கொடுத்து அனுப்பும் கேள்விகள் இவை:

1. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? இணைப்பு ஆணையைக் காட்டுவார்களா? பட்டயமா, சான்றிதழா, பட்டமா?
2. கல்விக் கட்டணம் தவிரத் தேர்வு, பணிக்கூடம், ஆய்வுப் பயணம், முன்பணம், நடன உடை என்று வேறு என்னென்ன வாங்குவார்கள்? நான்கு ஆண்டுத் தொகையையும் எழுதித் தருவார்களா?
3. சூளை எரிகிறதா? அச்சு எந்திரம் ஓடுகிறதா? மாலையிலும் பணிக்கூடம் திறந்திருக்குமா?
4. வீணை, வயலின் போன்ற கருவியைக் கல்லூரியே பயிற்சிக்குத் தருமா, வாங்க வேண்டுமா?
5. இந்தப் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

பிரிவைப் பொறுத்தும் செலவு மாறும். காட்சிவழித் தொடர்பு வடிவமைப்பு படிப்பவருக்கு விரைவிலேயே நல்ல கணினி தேவைப்படும். சுடுமண் சிற்பத்துக்குக் கணினி வேண்டாம், பணிக்கூடம் வேண்டும்.

எங்கள் பகுதி மாணவி ஒருத்தி, பளபளப்பான கையேட்டைப் பார்த்துத் தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். முதல் ஆண்டுக் கட்டணத்தை வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் கையேட்டில் இல்லாத கட்டணங்கள் சேர்ந்தன. படிப்பு நின்றது, நகையும் திரும்பவில்லை. இரண்டாவது கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கொத்தனார் வேலை செய்யும் ஒருவரின் மகன், எங்கள் பள்ளிச் சுவர்களில் எல்லாம் படம் வரைந்தவன். "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா டீச்சர்?" என்று அவர் கேட்டார். நான் உறுதி எதுவும் தரவில்லை. மேலே சொன்ன கணக்குத் தாளை எடுத்து வைத்து, அவர் சொன்ன எண்களை அவர் முன்னாலேயே எழுதினோம். "வருஷத்துக்கு இவ்வளவுதான்னா நான் பாத்துக்குறேன்" என்றார். பையன் இப்போது கும்பகோணத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கடன் இல்லை. விடுமுறையில் வந்தால் விளம்பரப் பலகை எழுதிக் கொஞ்சம் சம்பாதிக்கிறான்.

நாம் எப்போது தொடங்குவது?

ஒன்பதாம் வகுப்பில்: வரைந்த நல்ல படங்களைத் தேதியிட்டு ஓர் உறையில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். ஓவிய ஆசிரியர் இருந்தால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியப் பிரிவு பற்றியும் கேட்டுச் சொல்லுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில்: வாரம் ஒரு மணி நேரம் கண்முன் உள்ள பொருளைப் பார்த்து வரையும் பயிற்சி. குடம், செருப்பு, நாற்காலி, நண்பனின் முகம் எதுவானாலும் சரி. கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தே பழகியவர்கள் திறன் தேர்வில் திணறுகிறார்கள். நான்கு ஆண்டுக் கணக்கையும் இந்த ஆண்டிலேயே செய்துவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில்: ஜனவரியில் கல்லூரிப் பட்டியலும் சான்றிதழ்களும். பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து சேர்க்கை அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பார்த்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நம் பொறுப்பு. மாற்றாக வேறொரு படிப்புக்கும் விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள். ஓர் இடம் கைவசம் இருந்தால் பெற்றோரின் பயம் குறையும்; திறன் தேர்வுக்கும் பிள்ளை நிம்மதியாகப் போவான்.

இதற்கு ஓவியம் தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எனக்கு நேர்க்கோடு போடவே அளவுகோல் வேண்டும். ஒரு தாளும் பேனாவும், பெற்றோருடன் அரை மணி நேரமும் இருந்தால் போதும். இந்த ஆண்டு உங்கள் பள்ளியில் கலைத் திருவிழாவில் வென்றவர்கள் யார் யார் என்று பட்டியலிடுங்கள். அவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெற்றோரை அடுத்த வாரமே பள்ளிக்கு அழையுங்கள்.