விழக் கற்றால் ஓடக் கற்கலாம்

என் மகளுக்கு ஐந்து வயது. ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி அடம்பிடிக்கிறாள். விழுந்து கையை உடைத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள், அம்மா. ஐந்து வயது நல்ல வயது. விழத்தான் செய்வாள், அதனால் எப்படி விழுவது என்பதே முதல் பாடம். முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நிற்கப் பழக வேண்டும். தடுமாறினால் முழங்கால் கவசத்தின் மேல் முன்பக்கமாக இறங்கலாம். விறைப்பாக நின்றால் பின்னால் சாய்வாள். பலமாக அடிபடுவது அப்போதுதான். விழும் முறையையும் நிறுத்தும் முறையையும் கற்றுத்தந்த பிறகே வேகத்துக்குப் போகும் பயிற்சியாளரைத் தேடுங்கள்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள 'குவாட்' ஸ்கேட்டில் தொடங்குங்கள். சமநிலை எளிதில் வரும். வரிசைச் சக்கர 'இன்லைன்' பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'வளர்ற பிள்ளை' என்று பெரிய அளவு வாங்காதீர்கள், கணுக்கால் பிசகும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை கடையில் கிடைக்கும். ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்கள் நான்கும் கட்டாயம். நீங்கள் பயப்படும் கையைக் காப்பது மணிக்கட்டுக் கவசம்தான். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே உட்கார வேண்டும். தெருவில் மட்டும் விடாதீர்கள்.

2025இல் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டர் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. அவரும் விழுந்து எழுந்தவர்தான்!