பூட்டைக் கொடுப்போம், சாவியைக் காப்போம்

மேல்நிலை மாணவர்கள் எழுதும் பைத்தான் நிரல்களைச் சேமிக்கக் கிட்ஹப் தளத்தைப் பயன்படுத்துகிறோம். (கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும்.) கணினியிலிருந்து கிட் வழியாக நிரலை அனுப்பும்போது, கணக்கின் கடவுச்சொல்லை அத்தளம் 2021 ஆகஸ்ட் 13 முதல் ஏற்பதில்லை. மாற்று வழிகளுள் ஒன்று எஸ்.எஸ்.எச். திறவுகோல். அதை நான் கற்பிக்கும் முறையை இங்கே பகிர்கிறேன்.

கருத்து

கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் தளத்துக்கு அனுப்பியாக வேண்டும். திறவுகோல் முறையில் இரண்டு கோப்புகள் உருவாகின்றன. பொதுத் திறவுகோல் பூட்டு. தனித் திறவுகோல் சாவி. பூட்டை எவரிடமும் கொடுக்கலாம். நம் கணினி சாவியைக் கொண்டு கையொப்பமிடும்; தளம் பூட்டைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். சாவி வெளியே செல்வதே இல்லை.

செய்முறை

1. கட்டளைச் சாளரத்தில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை, ஈடி25519 வகையைக் குறிப்பிட்டு இயக்க வேண்டும்.

2. சாவிக்கான கடவுத்தொடரைக் கேட்கும்போது, எதுவும் தட்டாமல் எண்டர் அழுத்திக் கடக்கக் கூடாது.

3. பெயர் 'பப்' என முடியும் கோப்பில் உள்ள ஒரே வரியை நகலெடுத்து, தளத்தின் செட்டிங்ஸ் பகுதியில் எஸ்.எஸ்.எச். திறவுகோல்களுக்கான பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

4. முதல் இணைப்பில் திரையில் தோன்றும் கைரேகை எனப்படும் எழுத்துத் தொடரை, கிட்ஹப் வெளியிட்டுள்ளதுடன் ஒப்பிட்ட பிறகே 'யெஸ்' தட்ட வேண்டும்.

வகுப்புச் செயல்பாடு

சோதனைக்காக உருவாக்கிய இரு கோப்புகளையும் திரையில் காட்டி, "எதை அனுப்புவீர்கள்?" என்று கேட்கிறேன். இரண்டும் புரியாத எழுத்துக் குவியலாகவே தெரியும். தனித் திறவுகோலின் முதல் வரியிலேயே 'பிரைவேட் கீ' என்று இருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். கிட்ஹப் நிறுவனத்தின் ஆர்.எஸ்.ஏ. தனித் திறவுகோலே ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதால், 2023 மார்ச்சில் அதை மாற்ற நேர்ந்தது என்பதையும் சொல்லலாம்.

ஆய்வகத்தில் கவனம்

நம் ஆய்வகங்களில் ஒரே கணினியைப் பல வகுப்பினர் பயன்படுத்துகிறார்கள். கடவுத்தொடர் இல்லாத சாவி அங்கே கிடந்தால், அடுத்து அமர்பவர் முந்தைய மாணவரின் களஞ்சியங்களில் உள்ள நிரல்களை மாற்றலாம். எனவே பாடவேளை முடியும்போது கணினியிலுள்ள சாவியையும் தளத்திலுள்ள பூட்டையும் நீக்கச் செய்கிறேன். புதிதாக உருவாக்கச் சில நிமிடங்களே ஆகும். அதுவே பயிற்சியும் ஆகிறது. ஆசிரியர்களும் தம் சாவியை ஆய்வகக் கணினியில் வைக்க வேண்டாம்.

மதிப்பீட்டு வினா

மடிக்கணினி தொலைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? "வேறு கணினியிலிருந்து தளத்துக்குள் சென்று அந்தப் பூட்டை நீக்குவேன்" என்று விடை வந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.